ஓட்ஸ் மாவைச் சப்பாத்தி மாவாக நினைக்காதீர்கள்

ஓட்ஸ் பாக்கெட் நம் வீட்டு அலமாரிக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். டாக்டர் கொலஸ்ட்ரால் என்று ஏதோ சொன்னார், வாங்கினோம், நாலு நாள் கஞ்சி வைத்தோம், ஐந்தாம் நாள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கிடந்த ஒரு கிலோ பாக்கெட்டைக் காலி பண்ணத்தான் நான் முதன்முதலில் ஓட்ஸ் கிராக்கர் செய்யப் போனேன். (கிராக்கர் என்றதும் தீபாவளி ஞாபகம் வந்தால் உப்பு பிஸ்கட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதேதான்.) முதல் தடவை சொதப்பல், இரண்டாம் தடவையும் சொதப்பல். வறட்டி மாதிரி இருக்கிறதே என்றார் மாமியார், பொய் சொல்லவில்லை.

தப்பு எங்கே என்று யோசித்தபோதுதான் புரிந்தது, நான் அதைச் சப்பாத்தி மாவாக நினைத்துப் பிசைந்திருக்கிறேன். பச்சைத் தண்ணீர் ஊற்றி, அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி அரைமணி நேரம் ஊறவும் வைத்தேன். கோதுமைக்கு அது சரி. அதில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது, பிசையப் பிசைய ரப்பர் மாதிரி இழுத்துக்கொள்ளும், ஊறினால் இன்னும் இளகும். ஓட்ஸில் அந்த இழுவையே கிடையாது. எவ்வளவு பிசைந்தாலும் மாவு மாவாகத்தான் இருக்கும், ஊற வைத்தாலோ இருக்கிற தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு வறண்டு, கட்டையை வைத்ததும் ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடிக்கும். இந்த வேலையில் தண்ணீரை எப்போது எவ்வளவு சூட்டில் உள்ளே விடுகிறோம், அப்புறம் எப்படி அதை முழுசாக வெளியே அனுப்புகிறோம் என்பதுதான் சூட்சுமம்.

சரி, முதலில் ஓட்ஸ். ரோல்டு ஓட்ஸ் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், தடித்த அவல் மாதிரி இருக்கும். குயிக் ஓட்ஸும் பரவாயில்லை, ஆனால் அது ரொம்ப மெல்லிசு என்பதால் கடிக்கும்போது அந்தக் கரகரப்பு குறையும். ஸ்டீல் கட் ஓட்ஸ் இதற்கு வேண்டாம், நொய் மாதிரி பல்லில் மாட்டும். மசாலா ஓட்ஸ் வேண்டவே வேண்டாம். பழைய பாக்கெட்டாக இருந்தால் நாலைந்து இதழ் எடுத்து வாயில் போட்டு மென்று பாருங்கள். ஓட்ஸில் கோதுமையைவிடக் கொழுப்பு அதிகம், சீக்கிரம் காறிப்போகும், அதனால்தான் ஆலையிலேயே ஆவி காட்டி உலர்த்தி அனுப்புகிறார்கள். அப்படியும் திறந்து மாதக்கணக்கில் கிடந்தால் ஒரு கசப்பு வரும். அந்தக் கசப்பை எள்ளும் மறைக்காது, ஓமமும் மறைக்காது.

உப்பு பிஸ்கட்டுக்கு என் அளவு இது. ஓட்ஸ் 200 கிராம், கோதுமை மாவு 50 கிராம், வெண்ணெய் 60 கிராம், உப்பு முக்கால் டீஸ்பூன் (உப்பு போட்ட வெண்ணெய் என்றால் அரை போதும்), சர்க்கரை ஒரு டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன், கொதிக்கிற தண்ணீர் 80 முதல் 100 மில்லி. தராசு இல்லாதவர்கள் டம்ளர் கணக்கு கேட்பீர்கள், ஆனால் ஓட்ஸை அழுத்தி அளந்தால் ஒன்று, அழுத்தாமல் அளந்தால் ஒன்று என்று வரும், எனவே சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கோதுமை மாவு எதற்கு என்றால், ஸ்காட்லாந்தில் இந்த உப்பு ரொட்டியை ஓட்கேக் என்பார்கள், பழைய முறையில் வெறும் ஓட்ஸ் மாவு, கொஞ்சம் கொழுப்பு, உப்பு, வெந்நீர் அவ்வளவுதான், கை பழகியவர்களுக்கு அது வரும். நமக்கு முதல் சில தடவை இந்த 50 கிராம் கோதுமை விழாமல் பிடித்துக்கொள்கிற கைப்பிடி மாதிரி. பழகிய பிறகு விட்டுவிடலாம். குளூட்டன் ஒத்துக்கொள்ளாத உடம்பு உள்ளவர்களுக்குச் செய்வதென்றால் கோதுமையை விட்டால் மட்டும் போதாது, ஓட்ஸ் பாக்கெட்டிலும் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஆலையில் கோதுமையோடு கலந்துவிடும்.

ஓட்ஸை வெறும் வாணலியில் சிறு தீயில் ஐந்து நிமிடம் புரட்டுங்கள். நிறம் மாற வேண்டாம், வாசனை வந்தால் போதும். ஆறியதும் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்குக் கொண்டு வாருங்கள். நைசாக அரைத்தால் பிஸ்கட் கெட்டியாகிவிடும், அரைக்காமலே போட்டால் உதிரும், அதனால்தான் ரவையும் கொஞ்சம் முழுசும். மாவு, உப்பு, சர்க்கரை, சோடா எல்லாம் கலந்து, உருக்கிய வெண்ணெயை ஊற்றி விரலால் பிசறுங்கள். வெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ 50 மில்லி ஊற்றலாம், நல்லெண்ணெயும் எள்ளும் சேர்த்தால் தட்டை வாசம் வரும்.

அப்புறம் தண்ணீர், கொதிக்கிற தண்ணீர். முதலில் 80 மில்லி ஊற்றிக் கரண்டியால் கிளறி ஒரு நிமிடம் பொறுங்கள். சூடு பட்டால்தான் ஓட்ஸின் மாவுச்சத்து உப்பி, அதிலிருக்கும் பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்தும் கொழகொழவென்று இளகி ஒட்டும், குளூட்டன் செய்யாத வேலையை அதுதான் செய்கிறது. கொழுக்கட்டை மாவுக்கு வெந்நீர் விடுவதும் இதே கணக்குதானே. கையில் எடுத்துப் பிடித்தால் பிடிபட வேண்டும், வெடிப்பு இருந்தால் இன்னும் ஒரு ஸ்பூன், ஒட்டினால் ஒரு ஸ்பூன் ஓட்ஸ் பொடி. புட்டு மாவுக்கும் சப்பாத்தி மாவுக்கும் நடுவில் ஒரு பதம். கை பொறுக்கிற சூட்டில் உடனே உருட்டி உடனே தேய்த்துவிடுங்கள். நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள்.

தேய்க்கும்போது கீழே பட்டர் பேப்பர், மேலே கழுவித் துடைத்த பால் கவரை வெட்டி விரித்தால் போதும். 3 மில்லிமீட்டர் கனம், ஏறக்குறைய நம் தட்டையின் கனம். நடுவில் தடித்து ஓரம் மெலிந்தால் ஓரம் கருகி நடு வேகாமல் நிற்கும், அதனால் வெடிக்கிற ஓரத்தைக் கத்தியின் பட்டைப் பக்கத்தால் உள்ளே தள்ளித் தள்ளி மறுபடி தேயுங்கள். வட்ட வட்டமாக மூடியால் வெட்டினால் அழகுதான், ஆனால் மிஞ்சுகிற துண்டுகளைத் திரும்ப உருட்டுவதற்குள் மாவு காய்ந்துபோகும். நான் கத்தியால் சதுரமாகக் கோடு போட்டுவிடுவேன், சுமார் முப்பது துண்டு வரும். முள்கரண்டியால் ஒவ்வொன்றிலும் நாலு குத்து, தட்டைக்குக் குத்துகிற அதே காரணம்தான், குத்தாவிட்டால் உப்பும். பேப்பரோடு அப்படியே ட்ரேக்கு இழுத்துவிடுங்கள்.

ஓவனைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் சின்ன ஓடிஜிகள் குமிழில் 170 என்று காட்டினால் உள்ளே 170 இருக்கும் என்று நம்பாதீர்கள். என்னுடையது இருபது டிகிரி கூடுதலாக ஓடுகிறது, இரண்டு ட்ரே கரித்த பிறகு ஓவனுக்குள் தொங்கவிடுகிற தெர்மாமீட்டர் வாங்கித்தான் அது தெரிந்தது. பத்து பதினைந்து நிமிடம் முன்சூடு, நடுத்தட்டு, 170 டிகிரியில் 15 நிமிடம். பிறகு கோடு போட்ட இடத்தில் பிரித்துத் திருப்பிப் போட்டு இன்னும் பத்து நிமிடம். ஓரத்தில் லேசாகப் பொன்னிறம் வந்திருந்தால் ஓவனை நிறுத்திவிட்டு, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி இருபது நிமிடம் உள்ளேயே விடுங்கள். இந்தக் கடைசி இருபது நிமிடத்தை அநேகம் பேர் தாண்டிவிடுகிறார்கள். வெந்துவிட்டதே என்று சூட்டைக் கூட்டி நிறம் வரவைத்து எடுத்தால் மேலே சிவந்து உள்ளே ஈரம் நிற்கும், மறுநாள் தோலாக இழுக்கும். இந்த பிஸ்கட் வேகுவதைவிட, காயத்தான் நேரம் வேண்டும். நடுவில் கரண்ட் போய்விட்டதா, கதவைத் திறக்காதீர்கள், அந்தச் சூட்டிலேயே பாதி வேலை நடக்கும், வந்ததும் மீதி.

ஓவனே இல்லாதவர்கள் தோசைக்கல்லில் செய்யலாம், இது மாற்று ஏற்பாடு என்று வருத்தப்பட வேண்டாம். ஸ்காட்லாந்துக்காரர்களே அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேல் கிர்டில் என்ற தட்டையான இரும்புக் கல்லில்தான் ஓட்கேக் சுட்டார்கள், ஒரு பெரிய வட்டத்தை நாலாக வெட்டிப் போட்டு, ஓரம் மேலே சுருண்டதும் எடுத்து நெருப்புக்கு முன்னால் நிறுத்திக் காய வைத்தார்கள். கனமான கல், மிகச் சிறு தீ, ஒரு பக்கம் எட்டு நிமிடம், திருப்பி ஐந்து நிமிடம், அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டுக் கல்லிலேயே ஆறவிடுங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள்.

மாவில் சேர்க்க எள், ஓமம், கருஞ்சீரகம், ஒன்றிரண்டாக உடைத்த மிளகு எல்லாமே நன்றாக இருக்கும். வெங்காயம், பச்சை மிளகாய், பச்சைக் கொத்தமல்லி சேர்க்காதீர்கள், அத்தனையும் தண்ணீர். கறிவேப்பிலை வேண்டுமென்றால் வாணலியில் நொறுங்குகிற வரை வறுத்துப் பொடித்துப் போடுங்கள். ஸ்காட்லாந்தில் இதைச் சீஸ் வைத்துச் சாப்பிடுவார்கள், எனக்குப் பருப்புப் பொடியும் நெய்யும் குழைத்துத் தடவினால்தான் திருப்தி.

இனி இனிப்பு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அன்சாக் பிஸ்கட் என்று ஒன்று உண்டு, முதல் உலகப் போரில் 1915இல் கலிப்போலியில் இறங்கிய அவர்களுடைய படையின் பெயர் அது. ஆஸ்திரேலியாவில் அன்சாக் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, அந்தப் பெயரில் பிஸ்கட் விற்கிறவர்கள் வழக்கமான செய்முறையை விட்டு விலகக் கூடாது, குக்கி என்று சொல்லவும் கூடாது. நான் கீழே சொல்வதில் வெல்லம் சேர்வதால் அந்தப் பெயர் வேண்டாம், தேங்காய் ஓட்ஸ் பிஸ்கட் என்றே இருக்கட்டும். முட்டை கிடையாது, தேங்காய் உண்டு, நமக்கு இதைவிட என்ன வேண்டும்?

அரைக்காத ஓட்ஸ் 100 கிராம், மைதா 125 கிராம் (பாதி கோதுமை மாவு போடலாம், முழுசும் போட்டால் வறட்டு வறட்டென்று இருக்கும்), உலர்ந்த தேங்காய்த் துருவல் 80 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, எல்லாவற்றையும் கலந்து வையுங்கள். பச்சைத் தேங்காய் என்றால் வாணலியில் ஈரம் போக வறுத்துத்தான் சேர்க்க வேண்டும், அப்படியும் ஒரு வாரம் தாங்காது. அங்கே கோல்டன் சிரப் என்ற சர்க்கரைப்பாகை ஊற்றுகிற இடத்தில் நமக்கு வெல்லப்பாகு. மூன்று மேசைக்கரண்டி வெல்லத்தூளை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, மண் இல்லாமல் வடிகட்டி, ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் போதும். கம்பிப் பதமெல்லாம் போனால் பிஸ்கட் கல்லாகிவிடும். அதில் 110 கிராம் வெண்ணெயைப் போட்டு உருக்குங்கள். அரை டீஸ்பூன் ஆப்ப சோடாவை ஒன்றரை மேசைக்கரண்டி வெந்நீரில் கலக்கி இதில் ஊற்றினால் குபுகுபுவென்று நுரைத்துப் பொங்கும், ஆகவே பாத்திரம் பெரிசாக இருக்கட்டும். நுரை அடங்குவதற்குள் மாவுக் கலவையில் கொட்டிக் கிளறிவிடுங்கள்.

எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, கொஞ்சமாக அழுத்தி, உருண்டைக்கு உருண்டை மூன்று விரல் இடைவெளி விட்டு வையுங்கள், சூட்டில் பரவும். 160 டிகிரியில் 12 நிமிடம் என்றால் நடுவில் மெத்தென்று இருக்கும், 16 நிமிடம் என்றால் மொறுமொறுப்பு. எடுக்கும்போது எப்படியும் தொட்டால் அமுங்கும், வேகவில்லையோ என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால்தான் இறுகும். வெல்லம் வெள்ளைச் சர்க்கரையைவிடச் சட்டென்று கறுக்கும் என்பதால் பத்தாவது நிமிடத்திலிருந்து ஓவன் கண்ணாடி முன்னாலேயே நில்லுங்கள்.

ஓட்ஸ் என்பதால் உடம்புக்கு நல்லது என்று தட்டு தட்டாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று சொல்லி அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஓட்ஸ் பாக்கெட்டுகளில் அதை அச்சிட 1997இல் அனுமதி கொடுத்தது. அந்த 3 கிராமுக்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். என் உப்பு பிஸ்கட்டில் அது பதினொரு துண்டு, கூடவே 22 கிராம் வெண்ணெயும் உள்ளே போகும். கொலஸ்ட்ராலுக்குக் கஞ்சி குடியுங்கள், பிஸ்கட்டை பிஸ்கட்டாகச் சாப்பிடுங்கள்.

எடுத்து வைக்கும் விஷயம். வெதுவெதுப்பாக டப்பாவில் போட்டு மூடினால் அந்த ஆவியே போதும், காலையில் நமுத்துப்போயிருக்கும். கம்பி வலைத் தட்டிலோ சல்லடையைக் கவிழ்த்தோ அதன்மேல் ஒரு மணி நேரம் பரப்பி, முழுசாக ஆறிய பிறகு எவர்சில்வர் சம்படத்தில் போடுங்கள். உப்பு பிஸ்கட் இரண்டு வாரம் தாராளமாக நிற்கும். சென்னையில் ஐப்பசி மழையில் எந்த டப்பாவானாலும் ஐந்தாறு நாள்தான், ஆனால் நமுத்தால் தூக்கிப் போட வேண்டாம், 150 டிகிரியில் ஆறேழு நிமிடம் காட்டி ஆறவிட்டால் பழையபடி நொறுங்கும். உப்பையும் இனிப்பையும் மட்டும் ஒரே டப்பாவில் போட்டுவிடாதீர்கள், ஓம வாசனை முழுக்கத் தேங்காய் பிஸ்கட்டில் ஏறிவிடும், அதன் ஈரம் உப்பு பிஸ்கட்டுக்குப் போய்விடும், இரண்டும் கெட்டுப் போகும்.