ஃப்ளோர்பால் கோல்கீப்பர்: எதை வாங்குவது, எப்படி நிற்பது

பெங்களூரில் பாட்மிண்டன் அரங்கை வாடகைக்கு எடுத்து, ஹாக்கி போல ஸ்டிக்கால் உள்ளரங்கில் ஆடும் ஃப்ளோர்பாலைத் தொடங்கும் தமிழ் இளைஞர்கள், கோல்கீப்பராக யாரை நிறுத்துவது என்ற பேச்சு வந்ததும் விக்கெட் கீப்பரைத்தான் நினைப்பார்கள். ஆள் சரிதான், அவருடைய கிட் பையிலிருந்து இங்கே பயன்படுவது அநேகமாக அடிவயிற்றுக் காப்பு (அப்டமன் கார்டு) ஒன்றுதான்.

ஃப்ளோர்பால் கோல்கீப்பருக்கு ஸ்டிக் கிடையாது. 160 செ.மீ. அகலமும் 115 செ.மீ. உயரமும் உள்ள கோலை அவர் முழங்காலிட்டு, உடம்பாலும் கைகளாலும் காக்கிறார். ஆகவே முதல் செலவு முழங்கால் பேடுக்கே இருக்கட்டும். அது தடிமனாகவும், பேன்ட்டுக்குள் நழுவாமல் நிற்பதாகவும் இருக்க வேண்டும். வாலிபால் ஆடுவோர் அணியும் மெல்லிய பேட் போதாது. கெட்டியான பிளாஸ்டிக் ஓடு வைத்த ஸ்கேட்டிங் பேடோ தரையைக் கீறிவிடும், அடுத்த முறை அரங்கு கிடைப்பதும் சந்தேகமாகிவிடும்.

பந்து 23 கிராம் எடையுள்ள, துளையிட்ட பிளாஸ்டிக் பந்து. அதன் விட்டம் 72 மி.மீ., ஏறத்தாழ கிரிக்கெட் பந்தின் அளவு என்பதால், கிரிக்கெட் ஹெல்மெட்டே போதும் என்று தோன்றலாம். ஆனால் முழங்காலிட்டிருப்பவரின் முகத்தருகே ஸ்டிக்குகளும் சுழலும். கிரிக்கெட் ஹெல்மெட்டின் கண் இடைவெளி அதற்காக அமைந்ததன்று. முகக்கம்பியுடன் கூடிய ஃப்ளோர்பால் ஹெல்மெட்டை விதிகளே கட்டாயமாக்குகின்றன. மார்புப் பகுதியில் பஞ்சு வைத்த முழுக்கை ஜெர்சியும் முழுக்கால் பேன்ட்டும் தேவை. கிளவுஸ் விருப்பத்தைப் பொறுத்தது, மெல்லியதாக இருந்தால் போதும். கோலை மறைப்பதற்கென்றே அணியும் எதற்கும் அனுமதியில்லை.

நிற்கும் இடம்தான் ஆட்டத்தின் பாதி. கோல் கோட்டிலேயே ஒட்டி உட்கார்ந்தால் இரு பக்கமும் திறந்து கிடக்கும். ஏறத்தாழ ஒரு மீட்டர் முன்னே வந்து, பந்துக்கும் கோலின் நடுவுக்கும் இடையே உடம்பை நிமிர்த்தி வைத்தால், அடிப்பவருக்குத் தெரியும் இடைவெளி வெகுவாகக் குறையும். பக்கவாட்டில் நகர, ஒரு பாதத்தை ஊன்றித் தள்ளி, மறு முழங்காலைத் தரையில் வழுக்கவிடுங்கள். கோலுக்குப் பின்னாலும் ஆட இடமுண்டு. பந்து அங்கே போனால் அந்தப் பக்கக் கம்பத்தை ஒட்டி அடைத்துக்கொண்டு, முன்னால் காத்திருக்கும் எதிரணிக்காரரையும் கவனியுங்கள்.

பிடித்த பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எறியும்போது, நடுக்கோட்டைத் தாண்டுமுன் அது தரையிலோ வேறு ஆட்டக்காரர் மீதோ பட வேண்டும். இந்த அவசரத்தில் யாருக்குப் போடுவது என்று தேட நேரமிராது. கன்னடமும் இந்தியும் பேசுவோர் கலந்த அணியானால், கூப்பிடும் சொற்களை ஆட்டத்துக்கு முன்பே ஒப்புக்கொள்ளுங்கள்.