கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பும் முன்: கல்யாண வீடியோ எடிட்டிங் பற்றி

வீட்டில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, உங்கள் கேமரா எந்த மாதிரி ஃபைலை எழுதுகிறது? இது தெரியாமல் கார்டில் பணத்தைக் கொட்டினால், டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் பட்டை) அப்போதும் திக்கித் திக்கித்தான் ஓடும்.

காரணம் இருக்கிறது. இன்றைய கேமராக்களும் போன்களும் பெரும்பாலும் ஹெச்.264 அல்லது ஹெச்.265 என்ற சுருக்க முறையில்தான் பதிவு செய்கின்றன. இதில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. அங்கங்கே ஒன்று மட்டும் முழுதாக இருக்கும், நடுவில் உள்ளவற்றில் என்ன மாறியது என்பது மட்டும்தான். நீங்கள் டைம்லைனில் ஓரிடத்தைத் தொட்டதும் கம்ப்யூட்டர் பின்னால் போய் முழு ஃபிரேமைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். நேராக ஓட்டிப் பார்க்கும்போது வலிக்காது, இரண்டு மூன்று கேமராவை ஒன்றாகப் போட்டு முன்னும் பின்னும் இழுக்கும்போதுதான் மூச்சு வாங்கும்.

மீடியா இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் ஒரு கிளிப்பைப் போட்டுப் பாருங்கள். 8 பிட் 4:2:0 (நிற விவரம் எவ்வளவு பதிவாகிறது என்பதன் குறி) என்று வந்தால் கவலை இல்லை, ஓரளவு புதிய எந்தக் கம்ப்யூட்டரும் அந்தச் சுருக்கத்தை வன்பொருளிலேயே பிரித்துவிடும். ஹெச்.265-இல் 10 பிட் 4:2:2 என்று வந்தால்தான் தலைவலி. என்விடியாவின் கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்கும் இதைப் பிரிக்கும் வசதி இல்லை, 50 வரிசையில்தான் வந்தது. ஆனால் இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த பல பிராசஸர்களின் உள்ளேயே இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸும், ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளும் இதைச் செய்யும். விலை கூடிய கார்டு முழிக்கிற இடத்தில் சும்மா கூட வந்தது வேலை செய்யும் என்பது வேடிக்கைதான். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு விண்டோஸில் இந்த வகை ஃபைல்களோடு தகராறு செய்யக்கூடும், அதனால் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே ஒரு கிளிப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் எதுவானாலும் ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் உதவும் இலகுவான நகல்) போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ரிசால்வில் எல்லாக் கிளிப்பையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். 1080 அளவில், எடிட்டிங்குக்கு ஏற்ற டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி வடிவத்தை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 16 ஜிபி ஆகும், அவ்வளவுதான். கட் செய்வதெல்லாம் ப்ராக்ஸியில். கலர் பார்க்கும்போது மட்டும் பிளேபேக் மெனுவில் ஒரிஜினலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரெண்டர் (முடிந்த வீடியோவை ஃபைலாக எழுதுவது) எப்படியும் ஒரிஜினலில் இருந்துதான் போகும், டெலிவர் பக்கத்தில் ப்ராக்ஸி டிக் விழாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து டிஸ்க். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) 4கே என்றால் மணிக்கு 45 ஜிபி. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து ஒரு கேமராவுக்கு ஆறு மணி நேரம், இரண்டு கேமரா என்றால் 540 ஜிபி. நடப்பு வேலைக்கு 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று, பத்திரப்படுத்த சாதாரண ஹார்ட் டிஸ்க் இரண்டு, இதுவே போதும். எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்வது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது. கேமராவின் மெமரி கார்டில் இருந்து எடுக்கும்போது வீடியோ ஃபைலை மட்டும் பொறுக்காமல் ஃபோல்டரை அப்படியே எடுங்கள். ரிசால்வின் மீடியா பக்கத்தில் இருக்கும் குளோன் டூல், நகல் சரியாக வந்ததா என்று செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) போட்டுச் சரிபார்த்துக் கொடுக்கும். இரண்டு இடத்தில் நகல் சேரும் வரை கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள். உங்களுக்காக யாரும் இன்னொரு தடவை தாலி கட்ட மாட்டார்கள்.

புராஜெக்ட் திறந்ததும் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) முதலில் வையுங்கள், கிளிப் உள்ளே வந்த பிறகு அது பூட்டிக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று எடுத்தால் மண்டபத்து விளக்குகள் துடிப்பது பெரும்பாலும் அடங்கும். சித்தப்பா போனில் எடுத்தது என்று ஒன்று கட்டாயம் வரும். போனில் ஃபிரேம் ரேட் ஒரே சீராக இருக்காது, போகப் போகச் சத்தமும் வாயும் விலகும், ஆகவே அதை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கான்ஸ்டன்ட் (ஒரே சீரான) ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு உள்ளே எடுங்கள்.

கேமராக்களை ஒன்றுசேர்க்க ரிசால்வ் ஒலியலையைப் பார்த்துத் தானே பொருத்தும். தவில் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தால் சில சமயம் ஓர் அடி தள்ளிப் பொருத்திவிடும், நம்பி அப்படியே விட்டுவிடாதீர்கள். கெட்டிமேளம் தொடங்கும் இடத்துக்குப் போங்கள். அதுவரை மந்திரமும் பேச்சுமாகத் தாழ்ந்து கிடந்த அலை அங்கே சட்டென்று சுவர் மாதிரி எழும்பும். அந்த முதல் அடியை எல்லாக் கேமராவிலும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துச் சரிபாருங்கள். அப்புறம் ஒன்று: மண்டபத்தின் கடைசியில் நிற்கும் கேமராவுக்குச் சத்தம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். 17 மீட்டருக்கு சுமார் 50 மில்லி செகண்ட், அதாவது ஒரு ஃபிரேமுக்கு மேல். சத்தத்தைப் பொருத்தினால் படம் கொஞ்சம் முந்தும், கையால் ஒரு ஃபிரேம் தள்ளி வையுங்கள். அதே கெட்டிமேளத்தில்தான் ஒலி உடையும், ஆகவே ரெக்கார்டர் வைக்கும்போதே லெவலைத் தாழ்த்தி வைக்கச் சொல்லுங்கள். உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுசாக மீட்டுத் தராது.

முதலில் பாட்டு, டைட்டில், எஃபெக்ட் எதுவும் இல்லாமல் சடங்கு வரிசையில் முழு நீளத்துக்கு ஒரு கட். அது நிலைத்த பிறகுதான் கலர், பிறகு இசை. பூ கொட்டுகிற டிரான்சிஷனை வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் போடலாம்.

மிச்சக் காசு எங்கே? ரேம் 16 ஜிபி இல்லாமல் தொடங்காதீர்கள், 32 இருந்தால் நிம்மதி. அதற்கடுத்து நல்ல ஐபிஎஸ் வகைத் திரையுள்ள மானிட்டர், எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற வரம்பைக் கிட்டத்தட்ட முழுதும் காட்டுவது. மட்டமான திரையில் அரக்குப் பட்டு மங்கித் தெரியும், நீங்கள் நிறத்தை ஏற்றுவீர்கள், அவர்கள் வீட்டு டிவியில் அது எரியும். ஒரு யுபிஎஸ் அவசியம், ரிசால்வில் லைவ் சேவும் (தானாகச் சேமிப்பது) இயங்கட்டும். கிராஃபிக்ஸ் கார்டு இதெல்லாம் வாங்கிய பிறகு. அதுவும் ரிசால்வின் கட்டணப் பதிப்பான ஸ்டுடியோ வாங்கி, படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் போடுகிறவர்களுக்கு.

கடைசியில் பென்டிரைவ். பழைய டிவிகள் பலவும் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்ததை மட்டுமே படிக்கும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை வைக்க முடியாது. 1080-இல் 8 எம்பிபிஎஸ் வைத்தால் ஒரு மணி நேரம் 3.6 ஜிபி, ஆகவே ரிசப்ஷன், முகூர்த்தம் என்று மணிக்கு உட்பட்ட துண்டுகளாகவே ரெண்டர் செய்யுங்கள். கொடுப்பதற்கு முன் ஏதாவது ஒரு பழைய டிவியில் செருகி, ஒவ்வொரு துண்டையும் நடுவில் ஓரிடத்துக்குத் தாவ வைத்துப் பாருங்கள்.