பழைய போனிக் கதைப் புத்தகங்களைச் சேர்ப்பது எப்படி?

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் 1930-களிலிருந்து 1960-கள் வரை வந்த போனிக் கதைகளே, அதாவது போனி என்ற குட்டை ரகக் குதிரைகளைச் சுற்றி நடக்கும் சிறுவர் கதைகளே, பல அலமாரிகளை நிரப்பிவிடும், அதனால் ஒரு எழுத்தாளரையோ ஒரு குடும்பத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். குடும்பம் என்று சும்மா சொல்லவில்லை. 1936-இல் ‘எ போனி ஃபார் ஜீன்’ எழுதிய ஜோன்னா கேனனின் மூன்று மகள்களும், அதாவது புல்லீன்-தாம்ப்சன் சகோதரிகள், அம்மா வழியிலேயே போய் இதே மாதிரி கதைகளை எழுதித் தள்ளினார்கள்.

விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மேலுறைதான். உள்மடிப்பின் மூலையில் அச்சிட்ட விலை இருக்கிறதா, கத்தரித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தலைப்புப் பக்கம். அங்கே ‘சில்ட்ரன்ஸ் புக் கிளப்’ என்றிருந்தால் அது முதல் பதிப்பு இல்லை, உறுப்பினர்களுக்காகப் போட்ட மறுபதிப்பு. படிக்கச் சுகமாக இருக்கும், முதல் பதிப்பு விலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள் (நான் கொடுத்தேன்). ஆர்மடா என்ற பெயரில் பிற்காலத்தில் வந்த பேப்பர்பேக்குகளில் சில சுருக்கப்பட்டவை, முழுக் கதை வேண்டுமென்றால் கெட்டி அட்டைப் பதிப்பையே தேடுங்கள். 1940-களின் புத்தகங்களில் தாள் மெலிந்து பழுத்திருந்தால் பயப்பட வேண்டாம், போர்க்காலக் காகிதக் கட்டுப்பாடு அப்படி.

ஆன்லைனில் வாங்கினால் முதுகுப்பக்கம், படத்தாள்கள், நூலக முத்திரை எல்லாவற்றுக்கும் போட்டோ கேளுங்கள். கிழிந்த மேலுறையில் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், சில வருடங்களில் பசை மஞ்சளாகிக் கறை நிரந்தரமாகிவிடும்.