ஒலிபெருக்கிக் காந்தமும் தொலைக்காட்சித் திரையும்: எதை எங்கே வைப்பது?

ஒலிபெருக்கியைத் தொலைக்காட்சியின் அருகில் வைக்கும் முன், உங்கள் திரை எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். காந்தத்தால் உண்மையில் பாதிக்கப்படுவது, பின்புறம் புடைத்த பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிதான். அதில் எலக்ட்ரான் கற்றைகளே படத்தை வரைவதால், அருகிலுள்ள காந்தப்புலம் அவற்றை வளைத்து, சிவப்புப் புள்ளியில் விழவேண்டிய கற்றையை வேறு நிறப் புள்ளியின் மீது விழச்செய்கிறது. திரையின் ஓரத்தில் பச்சையோ ஊதாவோ படர்ந்தால், உடனே ஒலிபெருக்கியை அரை மீட்டருக்கு மேல் நகர்த்துங்கள். காந்தக் கவசமிட்ட ஒலிபெருக்கியானால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

நகர்த்திய பிறகும் நிறக்கறை மறையாவிட்டால், கண்ணாடிக்குப் பின்னுள்ள துளையிட்ட உலோகத் தகட்டில் காந்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். தொலைக்காட்சியை மின்னிணைப்பிலிருந்தே துண்டித்து, அரை மணி நேரம் ஆறவிட்டு இயக்குங்கள். இயக்கும் கணத்தில் உள்ளிருக்கும் காந்தநீக்கச் சுருள் வேலை செய்யும்; அதைக் கட்டுப்படுத்தும் தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பு) குளிர்ந்தால்தான் சுருளுக்கு முழு மின்னோட்டம் கிடைக்கும் என்பதால், அடுத்தடுத்து அணைத்து இயக்குவதில் பயனில்லை. வேறொரு காந்தத்தைத் திரையில் தேய்த்துப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கறை பெருகவே வாய்ப்பு அதிகம்.

எல்சிடி, எல்இடி, ஓஎல்இடி திரைகளில் எலக்ட்ரான் கற்றையே இல்லாததால், ஒலிபெருக்கியின் காந்தம் படத்தைக் கெடுப்பதில்லை. அங்கே கவனிக்க வேண்டியது அதிர்வு: தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கியான சப்வூஃபரைத் தொலைக்காட்சி நிற்கும் மேசையில் வைக்காமல் தரையில் வையுங்கள்.