சிங்கப்பூரின் போர்க்கால பங்கர்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு, 1942இல் ஜப்பானியரை எதிர்த்த பிரிட்டிஷ் படையின் நிலத்தடிக் கட்டளை மையமான பேட்டில்பாக்ஸைக் காட்ட, குழுக்களைக் கூட்டி வரும் புதியவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எல்லோரும் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். ஆரம்பத்தில் நானும் இப்படிப் பேசியவன்தான், அதனாலேயே எரிச்சல் கொஞ்சம் கூடுதல். பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்தே இருந்தன என்ற பழைய கதையை இங்கே தொடப்போவதில்லை. அதற்கு நிறையப் பேர் பதில் சொல்லிவிட்டார்கள்.

முழுப் போரும் பேட்டில்பாக்ஸிலிருந்து நடந்தது என்பது

இல்லை. பிரிட்டிஷ் படைத் தளபதி பெர்சிவல் பெரும்பாலும் சைம் ரோட்டுத் தலைமையகத்தில் இருந்தார். கடைசி நாட்களில்தான் இங்கே வந்தார்.

சுவரின் கனத்தோடு நின்றுவிடுவது

உள்ளே நுழைந்ததும் கான்கிரீட் கனம், ஆழம், அறைக்கணக்கு. சரி, ஏறக்குறைய 9 மீட்டர் ஆழம். தொலைபேசி எக்ஸ்சேஞ்ச், சிக்னல் அறை, சங்கேதச் செய்திகளுக்கான அறை எல்லாம் உண்டு. "இவ்வளவு பலமான இடம் இருந்தும் ஏன் தோற்றார்கள்?" என்று ஒரு பள்ளி மாணவி கேட்டாள். குழுவை நடத்திய தம்பி மறுபடியும் கான்கிரீட்டைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்! எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கிருந்து கிளம்பிய தொலைபேசிக் கம்பி மறுமுனையில் என்ன ஆனது என்பதல்லவா கேள்வி? 1942 பிப்ரவரி 8 அன்று வடமேற்கே சரிம்புன் கரையில் நின்ற 22ஆவது ஆஸ்திரேலியப் பிரிகேடின்மேல் ஷெல் மழை. தொலைபேசிக் கம்பிகள் பல இடங்களில் அறுந்துபோயின. அன்றிரவு ஜப்பானியப் படகுகள் நெருங்கியபோது சர்ச்லைட்டுகள் எரியவில்லை, பீரங்கிகளுக்குப் போக வேண்டிய அழைப்பும் நேரத்துக்குப் போகவில்லை. ஷெல்லைத் தாங்க வேண்டுமானால் கம்பியை ஆறடி ஆழத்தில் புதைக்க வேண்டும் என்பது முதல் உலகப் போரிலேயே தெரிந்த விஷயம். ஆனால் ஜனவரி 31இல் ஜோகூர் பாலத்தை உடைத்துவிட்டுத் தீவுக்குள் வந்த படைக்கு இருந்தது ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம், நிலமோ சதுப்பும் ரப்பர் காடும், அதில் அத்தனை மைல் நீளத்துக்கு யார் தோண்டுவது?

கம்பி போனால் மீதி இருப்பது ஓடிப்போய்ச் சொல்லும் ஆளும் எழுதிய காகிதமும்தான். கிராஞ்சிக்கும் ஜூரோங்குக்கும் இடைப்பட்ட தற்காப்புக் கோட்டில் பிப்ரவரி 10 அன்று நடந்ததைப் பாருங்கள். நிலைமை மோசமானால் நகரைச் சுற்றி எங்கே நிற்பது என்று பெர்சிவல் முன்கூட்டி அனுப்பிய திட்டத்தை, அந்த 22ஆவது பிரிகேடின் தலைவர் பிரிகேடியர் டெய்லர் உடனே செய்ய வேண்டிய கட்டளையாக எடுத்துக்கொண்டு பின்வாங்கினார். அன்றைக்கே அந்தக் கோடு கைவிட்டுப் போனது. திரும்பக் கேட்டு உறுதி செய்ய நல்ல இணைப்பு ஒன்று இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பது என் கருத்து, மறுப்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டிய பதில் சுவரில் இல்லை.

எல்லாச் சுரங்கத்தையும் கட்டளை மையம் ஆக்குவது

தெற்குக் கரையில் பீரங்கிகள் இருந்த லாப்ரடோரின் சுரங்கம் வெடிமருந்து வைப்பதற்கு, கட்டளை இடுவதற்கு அல்ல.

முடிவையும் கையெழுத்தையும் குழப்புவது

சரணடைய முடிவெடுத்தது பிப்ரவரி 15 காலை, பேட்டில்பாக்ஸில். கையெழுத்து அன்று மாலை, புக்கிட் தீமாவில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில்.

காட்சிக்கு வைத்ததை அப்படியே நம்புவது

போருக்குப் பின் கைவிடப்பட்டுக் கிடந்த இடம் 1988இல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது, அருங்காட்சியகமானது 1997இல். அதற்காகச் செய்து வைத்த உருவங்களையும் மேசைகளையும் காட்டி, எந்தத் தளபதி எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று வாதம் பண்ணாதீர்கள்.