வீட்டுத் தோட்டத்தில் நீர்முள்ளி

வாய்க்கால் ஓரத்திலும் வயல் வரப்பிலும் ஊதா நிறத்தில் பூத்து நிற்கும் நீர்முள்ளியைப் பலரும் வெறும் முட்செடி என்று வெட்டி எறிகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே மனசு பொறுக்காது. கணுவுக்கு ஆறு முள், அவற்றுக்கு நடுவே கொத்தாக உதடு பிரிந்த பூக்கள். இந்த அழகை வீட்டிலேயே வளர்க்கலாம்.

விதை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பழைய சரக்கு முளைக்காது என்பதால் முதலில் பத்து விதையைப் போட்டுப் பாருங்கள். ஒன்று முக்கியம்: விதையை ஊறவைக்காதீர்கள். தண்ணீர் பட்டதும் சப்ஜா விதை மாதிரி வழவழப்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்துத் தூவவே முடியாது. உலர்ந்த மணலோடு கலந்து ஈர மண்மேல் தூவி, லேசாக அழுத்தினால் போதும். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு தூவுவது நல்லது.

இது ஈரம் விரும்பி. துளையில்லாத பழைய வாளியில் களிமண் நிரப்பி, மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் வேண்டும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடமும் சரிப்படும், சோப்பு அதிகம் கலக்காதவரை.

குழந்தைகள் ஓடியாடும் பாதையில் மட்டும் வைக்காதீர்கள், முள் ஆழமாகக் குத்தும். இலையில் புழு தெரிந்தால் மருந்து அடிக்க வேண்டாம். மயில் வசீகரன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடிகளில் இதுவும் ஒன்று.