பண்டிகைக் குக்கீ அலங்காரம்: மாற்றுத்திறனாளி நண்பர்களோடு ஒரு மாலை நடத்துவது எப்படி?

முதல் தடவை நான் இப்படி ஒரு நிகழ்ச்சி நடத்தியபோது குக்கீகள் அத்தனையும் கடையில் வாங்கியது போல அழகாக இருந்தன. அழகாக இருக்காமல் என்ன? அலங்கரித்ததெல்லாம் உதவிக்கு வந்த நாங்கள்தானே! விருந்தாளிகள் 10 பேரும் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சின்ன நாசில் (முனைக்குழாய்) மாட்டிய பைப்பிங் பையை, அதாவது ஐசிங் என்ற சர்க்கரைக் குழம்பைப் பிழியும் கூம்புப் பையை, அவர்கள் கையில் கொடுத்தோம். பிழிய வரவில்லை. "குடுங்க, நான் போட்டுத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டோம். கால் மணி நேரத்துக்குள் எல்லாப் பைகளும் எங்கள் கைக்கு வந்துவிட்டன. நல்ல மனதோடு செய்த தப்பு.

அப்புறம் நடத்தியவற்றில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேக்கிங் பழக்கமே இல்லாதவர்களும் பின்பற்றலாம்.

1. அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்

முதல் தடவை என்றால் 8 முதல் 10 பேர் போதும். இரண்டு அல்லது மூன்று பேருக்கு ஓர் உதவியாளர். மொத்தம் ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் போனால் எல்லோருமே களைத்துவிடுவோம்.

"உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். "நீங்கள் சௌகரியமாக உட்கார்ந்து செய்ய என்னென்ன வேண்டும்?" என்று கேளுங்கள். கேள்வி வருகிறவரிடம் போகட்டும். கூட வரும் அம்மாவிடமோ பராமரிப்பவரிடமோ மட்டும் பேசிவிட்டு ஃபோனை வைக்காதீர்கள்.

இன்னொன்று. நம்மில் பலர் 40 வயதுக்காரரைக்கூட "ஸ்பெஷல் குழந்தை" என்று சொல்லிவிடுகிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம், ஆனாலும் அவர் குழந்தை இல்லை. அழைப்பிதழில் கார்ட்டூன் பொம்மை வேண்டாம். உங்கள் வயது நண்பருக்கு எப்படி எழுதுவீர்களோ அப்படியே எழுதுங்கள்.

உணவு விஷயத்தில் மட்டும் கூச்சப்படாமல் விவரமாகக் கேளுங்கள். பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டை வகைகள், எள் இவற்றில் எது ஒவ்வாது? ஒவ்வாமை இருப்பவருக்குத் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, முடிந்தால் தனி மேசை. அவசர ஊசி மருந்து வைத்திருப்பவர் என்றால் அது எந்தப் பையில் இருக்கிறது, எப்படிப் போடுவது என்று உதவியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விழுங்குவதில் சிரமம் உண்டா என்பதையும் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். குக்கீ காய்ந்தது, உதிர்வது. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து இருக்கிறது. உணவின் பதத்தை 0 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டு அளவுகோல் உண்டு. "எனக்கு 4-ஆம் நிலை" என்று ஒருவர் சொன்னால், கட்டியில்லாத கூழ்போல அரைத்த உணவு என்று பொருள். அவர் குக்கீயை அலங்கரித்துப் பரிசாகக் கொடுக்கலாம். சாப்பிட அவருக்கு ஏற்ற பதத்தில் ஒரு புட்டிங்கைத் தயாராக வையுங்கள். மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் அவர் முன்னால் வெறும் தட்டு இருக்கக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் எத்தனை சாப்பிடலாம் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். பிராடர்-வில்லி சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்குப் பசி அடங்காது. திறந்த தட்டில் குவிந்திருக்கும் இனிப்பு அவர்களுக்குக் கொடுமை. ஆளுக்கு இத்தனை என்று முன்பே பேசி எண்ணி வைப்பது நல்லது.

2. குக்கீயை முந்தின நாளே சுட்டு வையுங்கள்

வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 200 கிராம் இரண்டையும் நுரைக்க அடியுங்கள். ஒரு முட்டை, 2 தேக்கரண்டி வெனிலா, அரைத் தேக்கரண்டி உப்பு சேருங்கள். 375 கிராம் மைதாவைப் போட்டு மாவு திரண்டதும் நிறுத்திவிடுங்கள். மேலும் மேலும் பிசைந்தால் குக்கீ கடினமாகிவிடும். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டி, 180 டிகிரி செல்சியஸில் 9 முதல் 11 நிமிடம் சுட்டால் போதும்.

கனத்தைக் குறைக்காதீர்கள். மெல்லிய குக்கீ கை அழுத்தத்துக்கு உடையும். ஒல்லியான கால், கூர்மையான முனை உள்ள கட்டர்களும் வேண்டாம். வட்டம், இதயம், தடித்த நட்சத்திரம் போதும், 8 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல். ஆளுக்கு 3 என்று கணக்கிட்டு, உடைவதற்கென்று அரை டஜன் கூடுதலாகச் சுடுங்கள். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள், இல்லாவிட்டால் நமத்துப்போகும்.

3. ஐசிங்

பச்சை முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் செய்ய வேண்டாம். சால்மொனெல்லா கிருமியின் ஆபத்து உண்டு. 450 கிராம் ஐசிங் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி மெரிங்கு பவுடர் (பதப்படுத்தி உலர்த்திய முட்டை வெள்ளைக்கருப் பொடி), 75 முதல் 90 மில்லி தண்ணீர் போதும். மெரிங்கு பவுடரும் முட்டையிலிருந்து வருவதுதான். முட்டை ஒவ்வாதவருக்கு முட்டை சேர்க்காத குக்கீயும், ஐசிங் சர்க்கரையோடு தண்ணீர் மட்டும் கலந்த ஐசிங்கும்.

பதம் பார்ப்பது எளிது. கரண்டியில் எடுத்துக் கிண்ணத்துக்குள் விட்டால் அந்தக் கோடு மறைய 10 முதல் 15 விநாடி ஆகும். வழக்கமான பதம் இது. நான் 20 விநாடிப் பதத்தில் வைக்கிறேன். கொஞ்சம் கெட்டியாக இருந்தால் கை நடுங்கினாலும் விளிம்பைத் தாண்டி ஓடாது. மூன்று நிறம் போதும். கிண்ணத்தை ஈரத்துணியால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஆடை கட்டிவிடும்.

வெள்ளி நிறத்தில் வரும் கடினமான சர்க்கரை மணிகளைத் தவிர்த்துவிடுங்கள்; பல்லுக்கும் தொண்டைக்கும் ஆகாது. மினுமினுக்கும் தூள் வாங்கினால் 'உண்ணத்தக்கது' என்று டப்பாவில் அச்சிட்டிருக்க வேண்டும். 'நச்சற்றது' என்று மட்டும் போட்டிருந்தால் அது சாப்பிடுவதற்கில்லை.

4. மேசைதான் உண்மையான வேலை

உதவியை மேசையில் வைத்துவிட்டால், கையில் வைக்கத் தேவையிருக்காது.

சக்கர நாற்காலி உள்ளே போக மேசைக்கு அடியில் சுமார் 70 சென்டிமீட்டர் உயரம் காலியாக இருக்க வேண்டும். நடக்கும் வழி 90 சென்டிமீட்டர், திரும்புமிடம் ஒன்றரை மீட்டர். அளவு நாடாவை எடுத்து அளந்தே பாருங்கள், கண்ணளவு ஏமாற்றும்.

பைப்பிங் பைக்குப் பதில் வாயகன்ற பிளாஸ்டிக் பிழி பாட்டில். அதையும் பிடிக்க முடியாதவருக்கு அகலத் தூரிகை, கரண்டி, அல்லது குக்கீயையே கிண்ணத்தில் கவிழ்த்து முக்கி எடுக்கும் முறை. கைப்பிடி ஒல்லியாக இருந்தால், குழாய்களுக்குச் சுற்றும் ஃபோம் உறையை வெட்டி மாட்டுங்கள். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி.

பார்வை குறைந்தவருக்கு வெளிர் நிறக் குக்கீயைக் கறுப்புத் தட்டில் வையுங்கள். பார்வையே இல்லாதவருக்குக் கடிகாரக் கணக்கில் சொல்லலாம்: "3 மணிப் பக்கம் சிவப்பு, 9 மணிப் பக்கம் பச்சை." பாட்டில்களில் ரப்பர் பேண்டு சுற்றி, ஒன்று என்றால் சிவப்பு, இரண்டு என்றால் பச்சை என்று வைத்துக்கொண்டால் தடவியே எடுத்துவிடுவார். பிறகு இடம் மாற்றாதீர்கள்!

இரைச்சலும் கூட்டமும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அமைதியான தனி இடம், கையில் பிசுபிசுப்பு பிடிக்காதவர்களுக்குக் கையுறை. விட்டுவிட்டு மின்னும் சீரியல் விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து.

5. நிகழ்ச்சி நேரம்

எல்லோரும் கை கழுவியதும் ஒரு குக்கீயைச் செய்து காட்டுங்கள். பேச்சைவிடப் படம் உதவும்: ஐசிங், ஸ்பிரிங்கிள்ஸ் (மேலே தூவும் வண்ணச் சர்க்கரைத் துணுக்குகள்), தட்டில் வைத்தல் என்று மூன்றே அட்டைகள். காது கேளாதவர்கள் இருந்தால் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று பேசுங்கள். "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட இரண்டு பாட்டிலைக் காட்டி "இதுவா, அதுவா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் கண்ணசைவிலும் வரலாம்.

தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். அப்படியும் கை பிடிக்க வேண்டியிருந்தால் உங்கள் கை கீழே, அவர் கை மேலே இருக்கட்டும். வேண்டாமென்றால் அவரால் எடுத்துக்கொள்ள முடியும்.

ஒரு முறை விரல்கள் மடங்கியே இருக்கும் ஓர் அண்ணன் பாட்டிலை மணிக்கட்டின் அடிப்பகுதியால் அழுத்தினார். பச்சைக் கோடு நட்சத்திரத்தில் பாதி, தட்டில் பாதி. உதவியாளர் பல்குச்சியால் ஓரத்தைத் துடைக்கக் குனிந்தார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. முழங்கையால் தட்டை மெல்ல நகர்த்தி, ஈரத்துணியோடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இப்போதெல்லாம் நான் உதவியாளர்களுக்குப் பல்குச்சியே கொடுப்பதில்லை.

சும்மா இருக்கும் உதவியாளருக்குக் கை பரபரக்கும். அவருக்கும் ஒரு குக்கீ கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து அலங்கரிக்கச் சொல்லுங்கள். படம் எடுப்பதற்கு முன்னும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

6. கட்டிக் கொடுப்பது

மேலே ஆடை கட்ட ஒரு மணி நேரம் ஆகும். உள்ளே முழுக்கக் காய 6 முதல் 8 மணி நேரம். அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. ஆழமில்லாத அட்டைப் பெட்டியில் பட்டர் பேப்பர் விரித்து ஒரே வரிசையாக வையுங்கள். மூடியில் பெயரையும், என்னென்ன சேர்த்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சக்கர நாற்காலியில் போகிறவருக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள வசதியா, பின்னால் பையில் மாட்டலாமா என்று கேளுங்கள். பையில் என்றால் பெட்டி சாயாமல் பார்த்து வையுங்கள்; ஐசிங் இன்னும் ஈரம்தான்.